முயல்குட்டியோடு காரில் ஐந்நூறு கிலோமீட்டர்

போன தை மாதம் கொடைக்கானல் சித்தி வீட்டிலிருந்து இரண்டு முயல்குட்டிகளைச் சென்னைக்குக் காரில் கூட்டி வந்தோம். நாயோ பூனையோ என்றால் கஷ்டத்தைக் கத்திச் சொல்லிவிடும். முயல் மூச்சு விடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும். தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். நீங்களும் புதிதாக முயல் எடுத்து வரப் போகிறீர்களா? செலவு அதிகமில்லாமல் எங்களுக்குக் கைகொடுத்த யோசனைகள் இதோ.

1. எட்டு வாரம் நிறையாத குட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்து வராதீர்கள். பால்குடி மறந்து, தானாகப் புல் தின்னப் பழகிய குட்டிதான் நெடும்பயணத்தைத் தாங்கும்.

2. ஒரே ஈற்றுக் குட்டிகள் என்றால் ஒரே பெட்டியில் வைக்கலாம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயம் தெளியும். முன்பின் பழகாத இரண்டு முயல்களை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம். நடுவழியில் கடித்துக்கொண்டால் காரை ஓரங்கட்டிப் பிரிப்பது பெரும்பாடு.

3. கையில் வாங்கும்போதே காதுக்குள் எட்டிப் பாருங்கள். பொருக்குத் தட்டியிருந்தால் சொறி. மூக்கு ஒழுகினாலோ, பின்பக்கம் ஈரமாக இருந்தாலோ அங்கேயே வைத்தியம் பார்த்து, குணமான பிறகு கூட்டி வருவதுதான் சிக்கனம். வழியில் யாராவது காட்டு முயல் குட்டி என்று நீட்டினால் வாங்கிவிடாதீர்கள், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

4. கிளம்பும் நேரத்தைச் சரியாகப் பிடித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மதியம் மூன்று மணி வாக்கில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கிவிடலாம். வத்தலக்குண்டு தாண்டும்போது வெயிலும் தணிந்திருக்கும். வண்டி ஓட்ட இரண்டு பேர் இல்லையென்றால் திருச்சியில் இரவு தங்கிவிட்டு, விடியுமுன் கிளம்புங்கள். மார்கழி, தை மாதங்கள் ரொம்ப வசதி.

5. ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கூண்டு வாங்க வேண்டியதில்லை. தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டில் ஒன்றின்மேல் மற்றொன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கேபிள் டை போட்டு, மறுபக்கம் கயிறு கட்டினால் மேலே திறக்கும் காற்றோட்டமான பெட்டி தயார். உள்பக்கம் கூர்முனை ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள். அட்டைப்பெட்டி சரிப்படாது; மூத்திரத்தில் ஊறி அடி விட்டுப்போகும், இல்லையென்றால் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

6. பெட்டி பெரிதாக இருந்தால் வசதி என்று நினைப்போம், காரில் அது நேர்மாறு. திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் வளைவுக்கு வளைவு முயல் சறுக்கி மோதிக்கொள்ளும்.

7. அடியில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் வழுக்காமலிருக்க ஒரு பழைய கோணித் துண்டு, அதற்கும் மேல் காய்ந்த புல்லைத் தாராளமாகப் பரப்புங்கள். புல்லே மெத்தை, புல்லே சாப்பாடு. இரண்டு செட் கூடுதலாக எடுத்து வைத்தால் நனைந்ததைச் சுருட்டி எறிந்துவிட்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

8. முயல் இருந்த பழைய கூண்டிலிருந்து ஒரு பிடி புல்லைக் கேட்டு வாங்கி, புதுப் பெட்டியில் போடுங்கள். பைசா செலவில்லாத வைத்தியம் இது. தன் வாசனை இருந்தால் புது இடத்துப் பயம் சட்டென்று குறையும்.

9. எல்லாக் குறிப்பையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கிளம்புமுன் முயலைப் பட்டினி போடக் கூடாது. காரில் வாந்தி எடுக்குமே என்ற பயம் வேண்டாம், முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் வயிறு காலியாக இருந்தாலே உயிருக்கு ஆபத்து. கிளம்பும் நிமிடம் வரைக்கும், வழி நெடுகிலும், கண்ணெதிரே புல் இருக்கட்டும்.

10. இதுவரை தின்ற அதே தீவனத்தில் ஒரு கிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தீவனத்தைக் கலந்து மாற்றினால் வயிற்றுப்போக்கு எட்டிப் பார்க்காது, மருத்துவச் செலவும் மிச்சம்.

11. தண்ணீர் பாட்டிலைப் பெட்டியில் மாட்டினால் குலுங்கிக் குலுங்கி மெத்தையை நனைத்துவிடும். கழுவிய ஈரத்தோடு கொத்தமல்லித் தழையோ அருகம்புல்லோ ஒரு பிடி போடுங்கள், தாகமும் தணியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கனமான கிண்ணத்தில் தண்ணீர் காட்டினால் போதும்.

12. முட்டைக்கோஸ், பிஸ்கட், சிப்ஸ், ஓட்டலில் மிஞ்சிய வெங்காயத் துண்டு எதுவும் வேண்டாம். கேரட்கூட இனிப்புதான், கட்டைவிரல் நுனி அளவுக்கு மேல் பயணத்தில் தராதீர்கள்.

13. பெட்டியை வைக்க நல்ல இடம், முன் சீட்டுக்குப் பின்னால் தரைதான். குளிர்ச்சியாகவும் இருக்கும், சடன் பிரேக் போட்டாலும் விழாது. இடைவெளியில் ஒரு போர்வையைச் சுருட்டி அணை கொடுத்துவிடுங்கள். டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள்.

14. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மெதுவாகத் திரும்பினால்தான் உள்ளே இருப்பது கால் ஊன்றி நிற்கும். மலையில் கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

15. முயலுக்கு வேர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும், அதுவும் மலைக் குளிரில் பிறந்தது என்றால் சமவெளி வெயில் அதற்கு நெருப்பு. ஏசியை 22, 24 டிகிரியில் வைத்து, காற்று நேராகப் பெட்டியில் அடிக்காமல் திருப்பிவிடுங்கள். ஏசி இல்லாத வண்டியா? உறைய வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஓரமாக வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீரைக் குடிக்காமல், முகம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

16. டீ குடிக்க எல்லோரும் சேர்ந்து இறங்காதீர்கள், ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும். வெயிலில் பூட்டிய காரில் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி ஏறிவிடும்; ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய பலன் கிடையாது.

17. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காது கொதித்தால், வாயோரம் எச்சில் ஒழுகினால் உடனே வண்டியை நிழலில் நிறுத்துங்கள். காது இரண்டையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றவோ தண்ணீரில் முக்கவோ கூடாது. அப்படியே அருகிலுள்ள மருத்துவரிடம் போய்விடுங்கள்.

18. அதற்காகவே, முயல் பார்க்கும் மருத்துவர்களின் எண்களை வழியிலுள்ள ஊர் வாரியாக எழுதி முன்பக்கம் ஒட்டி வையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளையும் குறித்துக்கொள்ளலாம். நம் வீட்டு மாத்திரை எதையும் பொடித்துக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின் வாய்வழியாகப் போனால் முயலின் குடலையே கெடுத்துவிடும்.

19. பெட்டியின் பாதியை மெல்லிய பருத்தித் துண்டால் மூடுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, கார் வாசனைப் பொருளைக் கழற்றி டப்பாவில் அடைத்துவிடுங்கள், அந்த மூக்குக்கு அது பெரிய தொந்தரவு.

20. குழந்தைகள் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடிப்பார்கள், மனசு இளக வேண்டாம். முயல் துள்ளிப் பிரேக் அடியில் புகுந்தால் எல்லோருக்கும் ஆபத்து. பயந்து பின்னங்காலை உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். புல் எடுத்துக் கொடுக்கும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படையுங்கள், சமாதானமாகிவிடும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள்.

21. நிறுத்தும் இடத்தில் சாலையோரப் புல்லில் மேய விடாதீர்கள். தெருநாய் ஒரு பக்கம், பூச்சிமருந்து ஒரு பக்கம். பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

22. மூத்திரம் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் ரத்தம் என்று உடனே பதற வேண்டாம். தின்ற தழையைப் பொறுத்து நிறம் மாறும். முக்கி முனகினாலோ, நிறம் மறுநாளும் தொடர்ந்தாலோ காட்டிவிடுங்கள். சீட்டில் சுண்ணாம்புபோல வெள்ளைக் கறை படிந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடையுங்கள், சட்டென்று விடும்.

23. வீடு வந்ததும் குளிப்பாட்டாதீர்கள், அதிர்ச்சியிலேயே உயிர் போகக்கூடும். அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுவதையும் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். அமைதியான அறையில் புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு, காலையில் புழுக்கை உருண்டையாக, நிறைய விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

24. பயணம் வந்த கிரேட் பெட்டியைக் கழுவிப் பரணில் போட்டுவிடாதீர்கள். கயிற்றை அவிழ்த்து, அதே புல்லோடு அறை மூலையில் சாய்த்து வைத்தால் ஒளிந்துகொள்ள அதுவே வீடு. எங்கள் வீட்டுக் குட்டிகள் இரண்டும் இன்றைக்கும் மதியத் தூக்கத்துக்கு அதற்குள்தான் போகின்றன.