ஹவாய்க்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஹொனலூலூவில் கடலியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி வீட்டில் எல்லாருக்கும் பெருமகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கிறாய்: "அங்கே முக்கால்வாசிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்தானாமே, பெரியப்பா. அப்புறம் அந்த ஊருக்கென்று ஒரு பண்பாடு எப்படி இருக்கும்?" போகுமுன் இப்படிக் கேட்கத் தோன்றியதே நல்லது. சுருக்கமாகச் சொல்ல முடியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 1835இல் கவாய் தீவின் கோலோவா என்ற ஊரில் கரும்புத் தோட்டம் போட்டார்கள். கரும்புக்கு ஆள்பலம் வேண்டும். ஆனால் 1778இல் கேப்டன் குக்கின் கப்பல் வந்ததிலிருந்து அம்மை, காய்ச்சல் என்று வெளியார் கொண்டுவந்த நோய்கள் ஹவாயர்களை வாரிக்கொண்டு போயின. சில லட்சம் பேர் வாழ்ந்த தீவுகளில் 1890இல் கலப்பினத்தவரையும் சேர்த்து ஏறத்தாழ 40,000 ஹவாயர்களே மிஞ்சினார்கள். தோட்ட முதலாளிகள் உலகெங்கும் ஆள் தேடினார்கள். 1852இல் சீனர், 1868இல் ஜப்பானியர், 1878இல் போர்ச்சுகீசியர், 1900இல் போர்ட்டோ ரிக்கோக்காரர், 1903இல் கொரியர், 1906இல் பிலிப்பினோக்கள் என்று கப்பல் கப்பலாக வந்தார்கள்.

கங்காணி, லயம் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் போனார்களே, அதே காலம்தான். ஹவாயில் தொழிலாளியின் கழுத்தில் எண் பொறித்த ஓர் உலோக வில்லை தொங்கும். சம்பள நாளில் பெயருக்குப் பதில் அந்த எண். ஒவ்வோர் இனத்தாருக்கும் தனிக் குடியிருப்பு, தனிக் கூலி. ஒரே வேலைக்கு ஒருவருக்கு ஒரு கூலி, பக்கத்தில் நிற்பவருக்கு வேறு கூலி. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத வரை சங்கம் சேர மாட்டார்கள் என்பது முதலாளிகளின் கணக்கு.

அந்தக் கணக்கு நெடுநாள் பலித்தது. 1909இல் ஓவாஹு தீவில் ஜப்பானியர் வேலைநிறுத்தம் செய்தபோது மற்ற இனத்தாரைக் கொண்டுவந்து அதை உடைத்தார்கள். 1920இல் பிலிப்பினோக்களும் ஜப்பானியரும் சேர்ந்து நின்றார்கள், அப்போதும் தோல்விதான். 1946இல்தான் அது மாறியது. ஏறத்தாழ 26,000 கரும்புத் தொழிலாளர்கள், எல்லா இனத்தாரும் ஒரே சங்கத்தில் நின்று, 79 நாள் வேலையை நிறுத்தி வென்றார்கள். பொதுச் சமையல் கூடம் வைத்து, மீன் பிடித்துவந்து, குடும்பங்களைப் பட்டினியில்லாமல் காத்தார்கள். ஹவாயின் பொதுப் பண்பாடு என்று எதையாவது நான் மதிப்போடு சுட்ட வேண்டுமானால் முதலில் இந்த 79 நாட்களைச் சொல்வேன். பிரித்து ஆள்வதற்காக அருகருகே வைக்கப்பட்டவர்கள், அந்த அருகாமையையே பலமாக்கிக்கொண்டார்கள்.

அந்த அருகாமையின் தடயங்களை நீ தினமும் பார்ப்பாய். மதியச் சாப்பாட்டுக்குக் கடையில் 'பிளேட் லஞ்ச்' கேட்டால் இரண்டு கரண்டி சோறு, மாக்கரோனி சாலட், ஜப்பானிய முறையிலோ கொரிய முறையிலோ வதக்கிய இறைச்சி, எல்லாம் ஒரே தட்டில் வரும். போர்ச்சுகீசியரின் மலசாடா பலகாரத்தை எல்லாருமே வாங்கித் தின்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் உறவு பார்க்காமல் அங்கிள், ஆன்ட்டி என்றே அழைப்பார்கள். இதில் உனக்கு எந்தச் சிரமமும் இராது. பிட்ஜின் என்று ஒரு பேச்சும் உண்டு. தோட்டத்தில் வேலை வாங்கவும் செய்யவும் உருவான அரைகுறைப் பேச்சைப் பிள்ளைகள் தாய்மொழியாக்கி, அதற்கு முழு இலக்கணமும் கொடுத்துவிட்டார்கள். அதைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடங்களில் திட்டு வாங்கிய தலைமுறைகள் உண்டு. கொச்சை ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2015இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே வீட்டில் பேசும் மொழிகளின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது.

உன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று இங்கே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சுற்றுலா விளம்பரங்கள் இங்கேதான் நிறுத்துகின்றன. பல இனம், ஒரு தீவு, எல்லாரும் ஒற்றுமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அத்தனை பேரும் வந்து கலந்த மண் யாருடையது என்பதை அவை சொல்வதில்லை.

அது ஒரு நாடாக இருந்தது, மகளே. அரசனும் அரசியல் சட்டமும் பிற நாடுகளோடு உடன்படிக்கைகளும் உள்ள நாடு. தங்கள் அரசு தங்கள் கையில் இருந்தவரை ஹவாயர்கள் வெளியிலிருந்து வந்ததைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். மாடு மேய்க்கக் கற்றுத்தர வந்த மெக்சிகோக்காரர்களின் கிட்டாரை வாங்கி, தந்திகளைத் தளர்த்தித் தங்களுக்கென ஒரு வாசிப்பையே உண்டாக்கினார்கள். 1879இல் மடீரா தீவிலிருந்து வந்த தச்சர்கள் கொண்டுவந்த சின்னக் கருவிதான் உக்குலேலே ஆயிற்று. கலாகௌவா அரசர் அதை அரண்மனை விருந்துகளில் மேடையேற்றினார். பாதிரிமாரின் செல்வாக்கில் 1830இல் தடை செய்யப்பட்ட ஹூலா நடனத்தைத் தன் முடிசூட்டு விழாவில் எல்லாரும் பார்க்க ஆடவைத்தவரும் அவர்தான்.

அவருக்குப் பின் வந்த லிலியுவோகலானி அரசியை 1893 ஜனவரி 17இல் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் கவிழ்த்தார்கள். அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கித் துணை நின்றார்கள். 1896இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. 1898இல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. 1959இல் மாநிலமாவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, தனி நாடாவது என்ற தேர்வு வாக்குச்சீட்டில் இல்லவே இல்லை. 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நிலம் திரும்பவில்லை.

மொழி என்ன ஆனது என்று பார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி பேசும் சிறுவர் சிறுமியர் ஐம்பது பேர்கூட இல்லை. 1984இல் சில பெற்றோரும் ஆசிரியர்களும் கவாய் தீவில் 'பூனானா லியோ' என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கி, முழுக்க ஹவாய் மொழியிலேயே நடத்தினார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்புதான் மாநில அரசியல் சட்டம் ஹவாய் மொழியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றிருந்தது. இன்று அந்த மொழியில் மழலை வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை படிக்கலாம்.

இந்த மீட்சியில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு 1976இல் நடந்தது. முன்னோர் ஓடங்களின் வடிவில் கட்டிய ஹோகுலேயா என்ற இரட்டை ஓடத்தைத் திசைகாட்டி இல்லாமல் தஹிதி வரை ஓட்டிப்போக வேண்டும். ஹவாயில் அந்த வித்தை தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை. மைக்ரோனேசியாவின் சதவால் என்ற சின்னத் தீவிலிருந்து மௌ பியாலுக் வந்தார். விண்மீன்களையும் அலையின் போக்கையும் பார்த்தே ஓடத்தைத் தஹிதியில் சேர்த்தார். பிறகு நைனோவா தாம்ப்சன் என்ற ஹவாய் இளைஞருக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1980இல் நைனோவா தாமே ஓடத்தைச் செலுத்தி அதே வழியில் போய்த் திரும்பினார். வெளியிலிருந்து வந்தவர் ஒரு மண்ணுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் மௌவைத்தான் காட்டுவேன். அந்த மக்களிடமிருந்து அறுந்துபோன ஒன்றை அவர்கள் கையிலேயே திருப்பி வைத்தார்.

அங்கே போனபின் ஒரு வழக்கத்தில் கவனமாக இரு. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பவரைத் தமிழ்நாட்டுக்காரர் என்பதுபோல, ஹவாயில் பிறந்தவரையெல்லாம் ஹவாயர் என்று சொல்லிவிடாதே. தோட்டத்துக்கு வந்த ஜப்பானியரின் நான்காம் தலைமுறைப் பேரனும் 'லோக்கல்'தான். ஹவாயர் என்பது பூர்வகுடிக்கு மட்டுமே உரியது. அந்தப் பேரனே உன்னைத் திருத்துவார். ஹௌனானி-கே ட்ராஸ்க் என்ற ஹவாய் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆசியத் தொழிலாளரின் வழிவந்தவர்களும் குடியேறிகளே, அவர்களுடைய முன்னேற்றமும் பறிக்கப்பட்ட நிலத்தின்மேல் வந்ததே என்று எழுதினார். தோட்டத்தில் முதுகொடிந்தவரின் பேரனிடம் இப்படிச் சொல்வது கடுமைதான். அரசியைக் கவிழ்த்த கை அந்தக் கூலிக்காரரின் கை அல்ல. ஆனாலும் ட்ராஸ்க் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். வீட்டு விலையும் வாடகையும் ஏறி ஏறி, 2020 கணக்கெடுப்பின்படி ஹவாயர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். பிட்ஜினையும் பிளேட் லஞ்சையும் உண்டாக்கியவர்களின் பண்பாட்டில் நீ அங்கே வாழ்ந்து வாழ்ந்தே ஓர் இடம் பெற்றுவிடலாம். ஹவாயர்களுக்கு அந்த நிலத்தின் மேல் உள்ள உரிமை அப்படி வசிப்பதால் கிடைப்பதும் இல்லை, பிறர் வசிப்பதால் தீர்ந்துபோவதும் இல்லை.

உனக்கு நான் சொல்லும் வேலைகள் சில உண்டு. முதல் மாதமே ஹொனலூலூவின் இயோலானி அரண்மனைக்குப் போ. அரசியைச் சிறைவைத்த மாடியறையை அங்கே காட்டுவார்கள். அடுத்து வைப்பாஹுவில் தோட்டக் குடியிருப்புகளை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அதைப் பார். இந்த வரிசையை மாற்றாதே. கவாய் தீவுக்குப் போக வாய்த்தால், யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கர் ஒருவர் 1970இல் நிறுவிய சைவ ஆதீனம் இருக்கிறது, அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா. நீ சேரும் பல்கலைக்கழகத்திலேயே ஹவாய் மொழி கற்றுத்தருகிறார்கள். கடலியல் பாடம் எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரு பருவமாவது அதில் சேர்ந்துவிடு. முதல் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு எழுது. நானும் இங்கேயிருந்து கூடவே படிக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா