ஒன்றை அழித்தால் மூன்று போகும்! கேஸ்கேட் டெலீட் கவனம்

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலை லாட்ஜ்களில் ரூம் கிடைப்பது கஷ்டம். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சிறிய லாட்ஜில் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் டேட்டாபேஸ் வைத்திருந்தார்கள். விருந்தினர், முன்பதிவு, ரசீது என்று மூன்று டேபிள்கள். ஒருநாள் பார்த்தால் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தார். அருணாசலம் என்று ஒன்று, நடுவில் ‘ச்’ போட்டு அருணாச்சலம் என்று இன்னொன்று. (இந்த ஊரில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை!) ஒன்று போதுமே என்று மேனேஜர் இரண்டாவதை டெலீட் செய்தார். அக்சஸ் ஏதோ கேட்டது, ‘யெஸ்’ கொடுத்துவிட்டார்.

அந்தப் பெயரில் இருந்த மூன்று பௌர்ணமி முன்பதிவுகளும் அட்வான்ஸ் ரசீதுகளும் சேர்ந்தே போய்விட்டன. ரூம் காலி என்று திரையில் தெரிந்ததால் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தும் விட்டார். என்னைக் கூப்பிடும்போது கன்ட்ரோல் இசட் அழுத்தி அழுத்தி ஓய்ந்திருந்தார். இந்த டெலீட்டுக்கு அன்டூ கிடையாது.

ஏன் இப்படி ஆனது? விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முன்பதிவு டேபிளில் பெயரை எழுதாமல் அந்த எண்ணை மட்டும் எழுதுகிறோம். ரசீதில் முன்பதிவு எண் இருக்கும். இப்படி எண்ணால் டேபிள்களைக் கோக்கும் முறைக்கு 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய கட்டுரைதான் அடிப்படை. தாய் ரெக்கார்டை அழித்தால் பிள்ளை ரெக்கார்டுகளை என்ன செய்வது என்பதை நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

உங்கள் அக்சஸில் என்ன சொல்லி வைத்திருக்கிறது என்று பாருங்கள். திறந்திருக்கும் டேபிள்களை மூடிவிட்டு, டேட்டாபேஸ் டூல்ஸ் டேபில் ரிலேஷன்ஷிப்ஸை கிளிக் செய்யுங்கள். டேபிள்களை இணைக்கும் கோட்டின் மேல் டபுள் கிளிக் செய்தால் ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். ‘என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி’யில் டிக் இல்லையென்றால், விருந்தினர் மட்டும் அழிவார், முன்பதிவுகள் ஆளில்லாத எண்ணோடு அநாதையாக நிற்கும். அதை மட்டும் டிக் செய்தால், முன்பதிவு உள்ள விருந்தினரை அழிக்க அக்சஸ் மறுத்துவிடும். அதன் கீழே ‘கேஸ்கேட் டெலீட் ரிலேட்டட் ரெக்கார்ட்ஸ்’ என்பதையும் டிக் செய்தால் எல்லாம் சரசரவென்று அழியும். லாட்ஜில் இரண்டு கோடுகளிலும் இந்த டிக் இருந்தது.

பில்லும் பில்லின் வரிகளும் போன்றவற்றுக்கு இந்த வசதி நல்லதுதான். பில் இல்லாமல் அதன் வரிகளுக்கு என்ன வேலை? ஆனால் பணம் வாங்கிய ரசீது அப்படியல்ல. கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். அதனால் முன்பதிவு, ரசீது இடையே உள்ள கோட்டில் கேஸ்கேட் டிக்கை எடுத்துவிட்டேன். இனி ரசீது உள்ள ஒருவரை அழிக்க முயன்றால், மேல் கோட்டில் கேஸ்கேட் இருந்தாலும் அக்சஸ் மொத்தமாக மறுத்துவிடும். என் கருத்தில் மேல் கோட்டிலும் அது தேவையில்லை, அதையும் எடுத்தேன். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஊர் இது. யார் எப்போது தங்கினார் என்பதை அவ்வளவு சுலபமாக அழிக்க விடலாமா?

அப்படியென்றால் இரட்டைப் பதிவை எப்படி நீக்குவது? சரியான அருணாசலத்தின் எண் 87, தவறானது 212 என்று வைத்துக்கொள்வோம். முதலில் முன்பதிவு டேபிளில் 212 என்று உள்ள இடங்களை 87 என்று மாற்றுங்கள். பிறகு 212-ஐ அழியுங்கள். பிள்ளைகளை இடம் மாற்றிவிட்டதால் எதுவும் போகாது. டேட்டாபேஸ் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, முதலில் காப்பியில் செய்து பாருங்கள்.

புரோகிராம் எழுதக் கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைத்தானில் ஜாங்கோ போன்ற கருவிகளில் டேபிளை ஆப்ஜெக்டாகவே கையாளலாம். அங்கும் இதே கேள்விதான். முன்பெல்லாம் ‘ஆன் டெலீட்’ எழுதாவிட்டால் ஜாங்கோ தானே கேஸ்கேட் என்று எடுத்துக்கொள்ளும். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதைக் கட்டாயம் எழுத வேண்டும். ரசீதுக்கு ‘ப்ரொடெக்ட்’ என்று எழுதுங்கள்.

லாட்ஜ் கதை? பென் டிரைவில் பத்து நாளுக்கு முந்தைய காப்பி ஒன்று கிடைத்தது. இரண்டு முன்பதிவுகள் அதில் இருந்தன. மூன்றாவதை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து டைப் செய்தோம். ரூமை இழந்தவருக்கு மேனேஜர் பக்கத்துத் தெருவில் வேறு இடம் பிடித்துக் கொடுத்தார், கூடுதல் வாடகையைத் தன் கையிலிருந்து போட்டு.