விளையாட்டில் வற்றாத ஊற்று, வீட்டில் வற்றும் குழாய்

விடுமுறை நாட்களில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பெயர் 'மைன்கிராஃப்ட்'. பிள்ளைகள் செல்பேசியில் மரம் வெட்டுகிறார்கள், நிலத்தைக் கொத்துகிறார்கள், கோதுமை விதைக்கிறார்கள். "எப்பப் பார்த்தாலும் போன்தானா?" என்று அதட்டிப் பிடுங்கி வைப்பதே நமக்குத் தெரிந்த வழி. இந்த மாதப் பாடத்தில் அந்த விளையாட்டுக்கு உள்ளே போய்ப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு அது கற்றுத் தரும் நல்லதும் உண்டு, தவறாகப் பழக்குவதும் உண்டு.

நல்லவை எவை?

2011இல் முழுமையாக வெளிவந்த இந்த விளையாட்டில், அடிமரத்தை வெட்டினால் இலைகள் உதிரும்போது கன்றுகளும் கிடைக்கும். அவற்றை மீண்டும் நடாவிட்டால் சுற்றுப்புறம் மொட்டையாகிவிடும். வயலுக்கு அருகில் தண்ணீர் இருந்தால் பயிர் விரைவாக வளரும். தேனீக்கள் பறந்து மகரந்தம் உதிர்த்தால் வளர்ச்சி இன்னும் கூடும். விதை, இலை போன்ற மிச்சங்களை ஒரு தொட்டியில் போட்டால் உரம் கிடைக்கும். இவையெல்லாம் உண்மை உலகத்தின் பாடங்களே.

ஆனால் மூன்று இடங்களில் விளையாட்டு ஒன்று சொல்கிறது, உலகம் வேறொன்று சொல்கிறது.

1. தண்ணீர்

நான்கு கட்டம் கொண்ட ஒரு சதுரக் குழி வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். எத்தனை வாளி மொண்டாலும் அந்த ஊற்று வற்றாது. உண்மை உலகில் என்ன நடந்தது? 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கும். குழாயைத் திறந்து விட்டபடி உளூச் செய்யும் நாம் எவ்வளவு செலவழிக்கிறோம்?

2. மரம்

விளையாட்டில் நட்ட கன்று பெரும்பாலும் ஓரிரு நாட்களில் மரமாகிவிடும். அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். நம் கொல்லையில் முருங்கைப் போத்து நட்டால் காய் பார்க்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். நெட்டை ரகத் தென்னைக்கு ஆறேழு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். திரையில் நிமிடத்தில் வளர்ந்ததைப் பார்த்துப் பழகிய பிள்ளை, மண்ணில் வைத்த செடியைப் பத்தாம் நாளே மறந்துவிடும். பொறுமையை நாம்தான் கற்றுத் தர வேண்டும். நாம் நட்ட மரத்தின் பழத்தை ஒரு பறவை தின்றாலும் அது நமக்கு ஸதகா என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

3. குப்பை

விளையாட்டில் கீழே போட்ட பொருள் ஐந்து நிமிடத்தில் மறைந்து போகும். நாம் தெருவில் போட்ட பிளாஸ்டிக் பை மறையாது. சாக்கடையை அடைக்கும், ஆட்டின் வயிற்றுக்குள் போகும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் கறிக்கடைக்குப் பாத்திரம் கொண்டு போகாமல் பையைக் கேட்டு வாங்குவது நாம்தானே?

இந்த மாதம் வீட்டில் செய்ய வேண்டியவை

• குழாயடியில் ஒரு வாளியை வைத்து, வழக்கம்போல் உளூச் செய்யுங்கள். வாளியில் சேர்ந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள். மறுநாள் செம்பில் எடுத்துச் செய்து, இரண்டு அளவையும் ஒப்பிடுங்கள். சேர்ந்த தண்ணீரில் சோப்பு இல்லை, செடிக்கு ஊற்றலாம்.

• அடியில் ஓட்டை போட்ட பழைய தொட்டியில் காய்கறித் தோல் ஓர் அடுக்கு, காய்ந்த சருகு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மூடி வைத்து, அவ்வப்போது கிளறி விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். சருகு போதுமான அளவு இருந்தால் நாற்றம் வராது.

• ஒரு செடியைப் பிள்ளையின் பெயரில் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அந்தப் பிள்ளைக்கே.

• செல்பேசியைப் பிடுங்குவதற்கு முன் பத்து நிமிடம் அருகில் உட்கார்ந்து, "இந்தத் தண்ணீர் ஏன் தீரவே மாட்டேங்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை விளக்கும். அடுத்து, "நம்ம வீட்டுத் தொட்டி அப்படியா?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பிள்ளை பதில் தேடும்போது, அதட்டி வராத பொறுப்பு வரும், இன்ஷா அல்லாஹ். ஆனால் நாம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டால் பயன் இருக்காது.