மாட்டின் கண்ணில் தைத்த துரும்பு

பஞ்சாப், அரியானா வயல்களில் ஏப்ரல் மாதத்தில் கோதுமை அறுவடை நடைபெறும். அதன் தாளை நறுக்கி மாடுகளுக்குத் தீவனமாக இடுவர். அதிலுள்ள கூரிய துரும்பு சில வேளைகளில் மாட்டின் கண்ணில் தைத்துவிடும். அப்போது கண்ணிலிருந்து நீர் வழியும். மாடு கண்ணைத் திறவாமல் நிழலில் ஒதுங்கும். கருவிழி வெண்ணீலமாக மாறினால் அங்குப் புண் உண்டாகியிருக்கலாம்.

பெரியவர் ஒருவர் மாட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரால் கண்ணை மெல்லக் கழுவலாம். மேலாகக் கிடக்கும் துரும்பு நீரோடு வந்துவிடும். ஆழத் தைத்ததைப் பிடுங்கலாகாது. சுண்ணாம்பும் இலைச்சாறும் தீங்கே செய்யும். வீட்டில் மீந்த கண் மருந்தைச் சிலர் நல்லெண்ணத்துடன் ஊற்றுவர். அதுவும் தீங்காகலாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, பார்வையே போகலாம்.

அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் கண்ணில் ஒரு சாயத்துளியை இடுவார். புண் உள்ள இடம் மட்டும் பச்சையாகத் தெரியும். அதைக் கண்ட பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

சொற்பொருள்: தாள் – கதிர் நீக்கிய பயிர்த்தண்டு, மீந்த – எஞ்சிய.

வினா: வீட்டில் மீந்த கண் மருந்தை மாட்டுக்கு ஏன் இடலாகாது?