மிக்ஸி வாங்கப் போறீங்களா? முதல்ல மோட்டாரைப் பாருங்க



ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டு மிக்ஸி எரிஞ்சு போச்சு. காலையில அஞ்சு மணி. அம்மாவுக்கு ஒரகடத்துல கம்பெனி வேலை, அஞ்சே முக்காலுக்கு பஸ் வந்துடும். சட்னி அரைக்கும்போது ‘உர்ர்’னு ஒரு சத்தம், அப்புறம் கருகின வாடை, கடைசியில புகை. அன்னையிலிருந்து இருபது நாள் எங்களுக்கு அம்மிதான். ஆயாவுக்கு மணிக்கட்டு வலி. அம்மா பஸ்ஸுக்கு ஓடிடுவாங்க. அதனால அரைச்சது நான். எட்டு நாள் பிரேயருக்கு லேட்டா வந்தேன். ஏன் லேட்டுன்னு கேட்டப்ப சொல்ல வெட்கமா இருந்துச்சு. இப்போ சொல்லிட்டேன்.

அந்த மிக்ஸி ஆயா பேர்ல இருக்கிற ரேஷன் கார்டுக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பிச்சுது இல்லையா, அந்தத் திட்டத்துல வந்தது. அப்போ எனக்கு ஒரு வயசு. பன்னெண்டு வருஷத்துக்கு மேல உழைச்சிருக்கு. தப்பு எங்க மேலதான். மெக்கானிக் அண்ணன் அதைத் திருப்பிப் போட்டு, “இதுக்கு அடியில என்னம்மா வைப்பீங்க?”ன்னு கேட்டார். சத்தம் வரக்கூடாதுன்னு பழைய துணியை மடிச்சு வைப்போம். அடியில வரிசையா ஓட்டை இருக்கு. அது வழியாத்தான் மோட்டாருக்குக் காத்து போகணும். நாங்க அதோட மூக்கைப் பொத்திட்டோம். “காயில் போயிடுச்சு”ன்னு சொல்லிட்டார்.

காயில்னா என்ன? நம்ம காந்தவியல் பாடத்துல மோட்டார் படம் இருக்கு. காந்தத்துக்கு நடுவுல கம்பிச்சுருள், அதுக்கு மின்சாரம் கொடுக்கத் தூரிகை. மிக்ஸியிலயும் அதேதான். ஆனா நிலைக்காந்தம் கிடையாது. வெளியில ஒரு சுருள், உள்ளே சுத்துற ஒரு சுருள், ரெண்டும் தாமிரக்கம்பி. மாறுமின்னோட்டம் திசை மாறும்போது ரெண்டு சுருள்லயும் ஒரே நேரத்துல மாறும். அதனால தள்ளுற பக்கம் மாறாம மோட்டார் ஒரே பக்கமா சுத்துது. ஒரு நிமிஷத்துக்கு பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுத்துகூட வரும். தாமிரக்கம்பி மேல மெல்லிசா ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கு. சூடு அதிகமானா அந்தப் பூச்சு கருகி, ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொட்டுடும். அதுதான் அந்த வாடை.

சூடு ஏன் அதிகமாகுது? விழுது கெட்டியா இருந்தா பிளேடு மெதுவா சுத்தும். மெதுவா சுத்துற மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். சூடு, மின்னோட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். மின்னோட்டம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு! ஜூஸ் அடிக்கிறதுக்கும் கெட்டிச் சட்னி அரைக்கிறதுக்கும் இதுதான் வித்தியாசம்.

இந்தக் கஷ்டம் எங்க வீட்டுக்கு மட்டும் வந்தது இல்லை. பம்பாயில சத்ய பிரகாஷ் மாத்தூர்னு ஒரு பொறியாளர் இருந்தார். வெளிநாட்டுல செஞ்ச மிக்ஸியில அவர் மனைவி நம்ம ஊர் மசாலா அரைச்சப்ப அது எரிஞ்சு போச்சாம். இந்தியச் சமையலுக்குத் தாங்குற மோட்டாரை நாமே செய்யலாம்னு அவர் இறங்கினார். 1963இல் ‘சுமீத்’ மிக்ஸி வந்தது அப்படித்தான். ஆயா இன்னிக்கும் எந்த மிக்ஸியைப் பார்த்தாலும் சுமீத்துன்னுதான் சொல்லுவாங்க!

புதுசு வாங்க ஸ்ரீபெரும்புதூர் போனோம். அம்மா மூவாயிரத்துக்கு மேல தாண்டக்கூடாதுன்னு முடிவோட வந்தாங்க. கடைக்காரர் எடுத்ததும், “ஆயிரம் வாட் எடுத்துக்குங்கம்மா, பவர் ஜாஸ்தி”ன்னார். அம்மா என்னைப் பார்த்தாங்க. வீட்டிலேயே நோட்டுல கணக்கு போட்டுட்டுப் போயிருந்தேன். 500 வாட் மிக்ஸி தினம் 10 நிமிஷம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 5 யூனிட். 750 வாட்டுக்கு 7.5 யூனிட், 1000 வாட்டுக்கு 10 யூனிட். முழு பளுவோட ஓடினாத்தான் இவ்வளவும். ஆக, கரண்ட் பில்லுக்குப் பயந்து சின்னதா வாங்க வேண்டியதில்லை. ஆனா நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆயிரம் வாட் எதுக்கு? மாவுக்குத்தான் கிரைண்டர் இருக்கே. தேங்காய், மிளகாய், தனியாவுக்கு 750 போதும்னு சொன்னேன். கடைக்காரர் சிரிச்சுட்டு, “என்ன படிக்கிறே?”ன்னு கேட்டார்.

அப்புறம் ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்தோம். கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம்தான், பரவாயில்லை. காத்து ஓட்டை தாராளமா இருக்கா? அடியில சிவப்புப் பட்டன் இருக்கா? அதுதான் ஓவர்லோடு பட்டன். பளு தாங்கலன்னா அதுவே மின்சாரத்தை நிறுத்திடும். சுவிட்சை அணைச்சு, ஆறவிட்டு, அப்புறம் அமுக்கணும். உடனே உடனே அமுக்கக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேல ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். உரிம எண்ணும் இருக்கணும். வெறும் முத்திரை மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க. பிளக்குல மூணு முள் இருந்தா எர்த் உள்ள பாயிண்ட்லதான் மாட்டணும். ஈரக்கையோட நிக்கிற இடம் அது.

ஜாரை ஆயா கையில கொடுத்துப் பார்த்தோம். இது என் யோசனை இல்லை, அம்மாவோடது. ஒரு ஜார் மூடி ரொம்ப டைட், ஆயாவால திறக்க முடியல. அழகா இருந்துச்சு, ஆனா வேண்டாம்னுட்டோம். சட்னி ஜார் சின்னதா இருக்கணும். பெரிய ஜார்ல கொஞ்சமா போட்டா எல்லாம் சுவத்துல ஒட்டிக்கும், பிளேடு சும்மா சுத்தும். கடைசியா, கப்ளர், வாஷர், கார்பன் பிரஷ் எல்லாம் நம்ம பக்கம் கிடைக்குமான்னு கேட்டோம். இவையெல்லாம் தேயுற சாமான். கிடைக்காத மாடல்னா எவ்வளவு நல்லதா இருந்தும் ஒரு நாள் பரண்ல ஏறிடும்.

2,850 ரூபாய்க்கு 750 வாட், மூணு ஜார். அதோட வந்த புத்தகத்துல 5 நிமிஷம் ஓட்டினா 2 நிமிஷம் நிறுத்துன்னு போட்டிருக்கு. அடியில துணி வைக்கிறதில்லை. சத்தம் பெரிசாத்தான் கேக்குது, தம்பி அந்தச் சத்தத்துலதான் எழுந்திருக்கான்.

பழைய மோட்டாரை மெக்கானிக் அண்ணன் பிரிச்சுக் கொடுத்தார். வயரை வெட்டிட்டு அறிவியல் அலமாரியில வெச்சிருக்கோம். கருகின காயிலையும் பென்சில் துண்டு மாதிரி இருக்கிற கார்பன் பிரஷ்ஷையும் மதிய இடைவேளையில வந்து பாருங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி