முதலில் மண்ணைப் பார்

அன்புத் தங்கைக்கு,

டெக்சாஸில் வீட்டுத் தோட்டத்திலேயே சின்னதாக ஓர் ஏ.எம். ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் குரல் தேய்ந்துவிடுகிறது, வேறு டிரான்ஸ்மிட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இருக்கிற டிரான்ஸ்மிட்டரே போதும். பணத்தையும் உழைப்பையும் எர்த்தில் போடு.

உரிமம் இல்லாமல் மீடியம் வேவில் ஒலிபரப்ப, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளில் 15ஆம் பகுதி இடம் கொடுக்கிறது. டிரான்ஸ்மிட்டரின் கடைசி நிலைக்குப் போகும் மின்திறன் 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அதற்குப் போகும் கேபிள், எர்த்துக்கு இறங்கும் கம்பி மூன்றும் சேர்ந்து 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும். திறனையும் கூட்ட வழியில்லை, உயரத்தையும் கூட்ட வழியில்லை. வீணாகப் போவதைக் குறைப்பது மட்டுமே உன் கையில் இருக்கிறது.

எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட்டுப் பார். உன் அலைவரிசையான 1610 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 186 மீட்டர். அதற்கு முன்னால் 3 மீட்டர் கம்பி மிகவும் குட்டை. அதன் கதிர்வீச்சுத் தடை 0.1 ஓம் அளவில்தான் இருக்கும். குட்டைக் கம்பியை அலைவரிசைக்கு ஒத்திசைய வைக்கும் லோடிங் காயிலை நன்றாகச் சுற்றியிருந்தால் அதன் தடையை 10 ஓம் என்றும், சுமாரான எர்த்தின் தடையை 50 ஓம் என்றும் வைத்துக்கொள். 100 மில்லிவாட்டும் முழுதாக ஆன்டெனாவுக்குள் போனால்கூட ஓடும் மின்னோட்டம் 41 மில்லிஆம்பியர். அலையாகக் கிளம்புவது வெறும் 0.17 மில்லிவாட். மீதியெல்லாம் காயிலையும் மண்ணையும் சூடாக்கிவிட்டுத் தீர்ந்துபோகிறது. எர்த்தின் தடையை 10 ஓமுக்கு இறக்கிவிட்டால் மின்னோட்டம் 71 மில்லிஆம்பியராகும், அலையாகக் கிளம்புவது 0.5 மில்லிவாட்டாகும். விதியை ஓர் எழுத்துகூட மீறாமல் மூன்று மடங்கு!

நம் ஊரில் எர்த் என்றால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாயை ஆழமாக இறக்குவார்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் ஏற்ற முறை. மீடியம் வேவுக்கு அந்த ஆழம் உதவாது. 1 மெகாஹெர்ட்ஸில் சாதாரண மண்ணுக்குள் மின்னோட்டம் சில மீட்டர் இறங்குவதற்குள் தேய்ந்துவிடும். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் மின்புலம் சுற்றியுள்ள தரை முழுவதும் விழுகிறது. அங்கிருந்துதான் மின்னோட்டம் ஆன்டெனாவின் அடிக்குத் திரும்பி வருகிறது. அது வந்து சேர நல்ல செப்புப் பாதை வேண்டும். அதனால் எர்த்தை ஆழத்தில் தேடாதே, பரப்பில் விரி.

அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ.வின் பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் 1937இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் இந்தத் துறைக்கு அடித்தளம். ஆன்டெனாவின் அடியிலிருந்து எல்லாப் பக்கமும் தரையில் விரியும் எர்த் கம்பிகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றி மாற்றி அளந்து பார்த்தார்கள். கம்பிகள் குறைவாக இருக்கும்போது அவற்றின் நீளத்தைக் கூட்டிப் பெரிய பயனில்லை என்று காட்டினார்கள். பெரிய நிலையங்கள் 120 கம்பிகளைப் புதைப்பது அதன் பிறகு நிலைபெற்ற வழக்கம். அங்கே ஒவ்வொரு கம்பியும் கால் அலைநீளம் இருக்கும். உன் அலைவரிசைக்கு அது சுமார் 46.5 மீட்டர். உன் தோட்டம் தாங்காது. உனக்கு அது தேவையும் இல்லை. குட்டையான ஆன்டெனாவின் மின்புலம் அடியைச் சுற்றித்தான் அடர்த்தியாக விழும். உன்னிடம் 48 மீட்டர் செப்புக் கம்பி இருந்தால் 12 மீட்டரில் நான்காக வெட்டாதே. 3 மீட்டரில் பதினாறாக வெட்டி, சக்கரத்தின் ஆரங்களைப் போல எல்லாப் பக்கமும் போடு.

ஆழமாகப் புதைக்க வேண்டாம். புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, கம்பியைத் தரையோடு இழுத்துப் பிடித்து, ‘யு’ வடிவ ஆணிகளால் அழுத்திவிடு. புல் வளர்ந்து தானே மூடிக்கொள்ளும். உறை போட்ட கம்பியானாலும் பரவாயில்லை. எல்லா முனைகளையும் அடியில் ஒரு செப்பு வளையத்தில் சேர்த்துப் பிரேசிங் செய், அல்லது நல்ல கிளாம்ப் போட்டு இறுக்கு. ஈய சால்டர் ஈர மண்ணில் நாளடைவில் அரித்துப்போகும். உப்பைக் கொட்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிடு. மழையில் கரைந்துபோவதோடு செம்பையும் அரிக்கும். மின்னலுக்காகத் தனியே அடிக்கும் எர்த் ராடை வீட்டின் எர்த்தோடு கட்டாயம் இணைத்துவிடு.

ஆன்டெனாவைக் கூரைமேல் ஏற்றச் சொல்லிச் சிலர் ஆசை காட்டுவார்கள். அங்கிருந்து தரைக்கு இறங்கும் நீண்ட எர்த் கம்பியும் ஆன்டெனாவாகவே வேலை செய்யும். தூரம் கூடுவது அதனால்தான். அது 3 மீட்டர் விதியை மீறுவது. தரையிலேயே நிறுத்து; அடியிலிருந்து செப்பு வளையத்துக்குப் போகும் இணைப்பு ஒரு சாண் இருந்தால் போதும், அகலமான செப்புப் பட்டையாக இருக்கட்டும். எர்த் சரியில்லாவிட்டால் மின்னோட்டம் அடாப்டர் வயர், ஆடியோ கேபிள் வழியாக வீட்டுக்குள் திரும்பும். ரேடியோவில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும். இரண்டு கேபிள்களையும் ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றிவிடு.

நான்கு நான்கு கம்பியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் காயிலை மறுபடி டியூன் செய்து, அடியில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து நோட்டில் எழுது. டியூனிங் முன்பைவிடக் கூர்மையானால் இழப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். தூரத்தைச் சோதிக்கப் பகலில் போ. இரவில் தொலைதூர நிலையங்கள் குறுக்கே வந்து உன்னைக் குழப்பும். மேலும் நான்கு போட்டும் மின்னோட்டம் ஏறவில்லையென்றால் அங்கே நிறுத்திக்கொள். உன் மண்ணுக்கு அவ்வளவு போதும்.

பெரிய நிலையக்காரர்களுக்குத் திறன் தாராளம். கொஞ்சம் வீணானாலும் தாங்கிக்கொள்வார்கள். உனக்கு ஒவ்வொரு மில்லிவாட்டும் முக்கியம். இருக்கிறதை வீணாக்காமல் அனுப்பக் கற்றுக்கொண்டவர்தான் இந்தத் துறையில் நல்ல பொறியாளராக வருவார். அந்தப் படிப்பு உனக்கு இவ்வளவு சீக்கிரம் வாய்த்திருக்கிறது, விட்டுவிடாதே. நோட்டில் எழுதிய எண்களை எனக்கும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்