இரத்தக் குழாய்களைச் செப்பனிடும் உயிரணுக்களும் மிகைச் சர்க்கரையும்

காலில் முள் தைத்து உண்டாகும் சிறு புண் பெரும்பாலோர்க்குச் சில நாட்களில் ஆறிவிடுகிறது. நீரிழிவு நோயாளிக்கோ அதே புண் மாதக் கணக்கில் ஆறாமல் நிற்பதைக் களப்பணியாளர் பலரும் கண்டிருப்பர். சில சமயங்களில் அப்புண் அழுகி, காலையே நீக்க நேரிடுகிறது. நரம்புகள் உணர்விழப்பதும் கிருமிகள் பெருகுவதும் இதற்குரிய காரணங்களாகும். இவற்றோடு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. புண் ஆறுவதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் தோன்ற வேண்டும். அவை தோன்றத் துணைபுரியும் உயிரணுக்களே மிகைச் சர்க்கரையால் நலிவுறுகின்றன. இவ்வணுக்கள் எவை, அவை எவ்வாறு கெடுகின்றன, அவற்றைக் காக்கும் வழி யாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

செப்பனிடும் அணுக்கள்

உடலிலுள்ள இரத்தக் குழாய்கள் அனைத்தின் உட்புறத்திலும் ஓரணுக் கனமே உடைய மெல்லிய படலம் ஒன்று அமைந்துள்ளது. இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். குழாய் விரிவதும் சுருங்குவதும் இரத்தம் உறையாமல் ஓடுவதும் பெரிதும் இப்படலத்தைப் பொறுத்தவை. இதில் அணுக்கள் தேய்ந்து உதிர்வதும், அவ்விடம் மீண்டும் நிரப்பப்படுவதும் ஓயாது நிகழ்கின்றன.

வளர்ந்த மனிதரிடத்தில் புதிய குழாய்கள் பழைய குழாய்களினின்றே கிளைக்கின்றன என்பது நெடுங்காலக் கொள்கையாக இருந்தது. 1997-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அசஹாரா, ஐஸ்னர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதற்கு மாறான ஒரு செய்தியை வெளியிட்டனர். குழாய்ச் சுவரணுக்களாக மாறும் தன்மையுள்ள முன்னோடி அணுக்கள் இரத்தத்திலேயே உலவுகின்றன என்பதே அது. இவை எலும்பு மஜ்ஜையினின்று வெளிப்படுவனவாகக் கருதப்பட்டன. காயமுற்று, பிராணவாயு குறைந்த திசு சில இரசாயனப் பொருள்களை விடுக்க, அவற்றை அடையாளமாகக் கொண்டு இவ்வணுக்கள் அவ்விடம் சேர்கின்றன.

இக்கொள்கை பின்னர் ஓரளவு திருத்தப்பட்டது. முதலில் முன்னோடி அணுக்கள் எனக் கருதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இரத்த அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை என்றும், அவை தாமே சுவராக அமையாமல், வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து பிற அணுக்களைத் தூண்டுகின்றன என்றும் தெளிவாயிற்று. தாமே சுவராக அமையவல்ல அணுக்கள் மிகச் சிலவே. ஒன்றைக் கொத்தனுக்கும் மற்றொன்றைச் சித்தாளுக்கும் ஒப்பிடலாம். இருவரும் இன்றிச் சுவர் எழும்புவதில்லை.

சர்க்கரை விளைக்கும் கேடு

தசையணுக்கள் சர்க்கரையை உட்கொள்வதில் இன்சுலின் பெரும்பங்கு வகிக்கிறது. குழாய்ச் சுவரணுக்களுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அவற்றின் உள்ளேயும் அது மிகுகிறது. அணுவின் உள்ளே உணவை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் அளவுக்கு மீறிய சர்க்கரையை எரிக்கும்போது, சூப்பராக்சைடு என்னும் கடும் வினையுள்ள பொருள் மிகுதியாகத் தோன்றுகிறது. நீரிழிவின் பல கேடுகளுக்கும் இதுவே பொதுவான தொடக்கம் என்ற கருத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரௌன்லீ 2001-ல் விரித்துரைத்தார். சூப்பராக்சைடு, குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடை அழிக்கிறது. முன்னோடி அணுக்கள் மஜ்ஜையை விட்டு வெளிப்படுவதற்கும் நைட்ரிக் ஆக்சைடு வேண்டியிருப்பதால், அவற்றின் வரவும் குறைகிறது.

மற்றொரு கேடு, சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொள்வதாகும். பாலைச் சுண்டக் காய்ச்சும்போது அது பழுப்பு நிறம் அடைவதை எல்லோரும் அறிவர். பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் கூடுவதால் அந்நிறம் உண்டாகிறது. இவ்வினையின் முதற்படி, உடல் வெப்பத்திலேயே மெதுவாக நிகழ்கிறது. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் இவ்வாறு ஒட்டிய சர்க்கரையை அளப்பதே எச்பி-ஏ1சி என்னும் சோதனை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் ஆதலின், இச்சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுகிறது.

ஆய்வுக்கூடத்திற் கண்டவை

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரின் முன்னோடி அணுக்கள் குறைவாகப் பெருகுகின்றன என்பதும், குழாய் வடிவம் அமைப்பதில் பின்தங்குகின்றன என்பதும் 2002-ல் வெளியான ஓர் ஆய்வினால் புலப்பட்டது. நலமுள்ளோரின் அணுக்களையும் மிகைச் சர்க்கரையில் வளர்த்துப் பார்ப்பது உண்டு. ஒரு கிண்ணத்தில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் சர்க்கரை இடப்படும். மற்றொன்றில் 450 அல்லது அதற்கு மேல் இடப்படும். மூன்றாவது கிண்ணத்தில் சாதாரண அளவுச் சர்க்கரையோடு மன்னிட்டால் சேர்க்கப்படும். மன்னிட்டால் கரைசலின் சவ்வூடு அழுத்தத்தை உயர்த்துமேயன்றி உயிரணுவுக்கு உணவாவதில்லை. மூன்றாவது கிண்ணத்து அணுக்கள் நலமாக இருந்து, இரண்டாவதில் உள்ளவை கெட்டால், கேட்டிற்குக் காரணம் கரைசலின் செறிவன்று, சர்க்கரையே என்பது உறுதியாகிறது. ஒப்பீட்டுச் சோதனை என்பதன் பொருளை மாணவர்க்கு விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

சூப்பராக்சைடை அடக்கும் பொருள்களைச் சேர்த்தால் இக்கேடு ஓரளவு தணிவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. இதே தத்துவம் நம் நாட்டில் வேறொரு துறையில் பயன்பட்டது. புனே நகரில் 1986-ல் நிறுவப்பட்டு, பின்னர் தேசிய உயிரணு அறிவியல் மையம் எனப் பெயர் பெற்ற நிலையத்தில், எலும்பு மஜ்ஜை அணுக்களை உறையவைத்துச் சேமிக்கும் முறை ஆராயப்பட்டது. உறைதலின்போதும் கடும் வினையுள்ள பொருள்கள் அணுக்களைத் தாக்குகின்றன. உறைகரைசலில் அவற்றை முறிக்கும் பொருள்களைச் சேர்த்தபோது, பிழைத்த அணுக்கள் மிகுந்தன என்று 1990-களில் அங்கு கண்டறியப்பட்டது.

மாத்திரை போதுமா?

அங்ஙனமாயின் வைட்டமின் மாத்திரையே போதுமே என்று சிலர் எண்ணக்கூடும். கிண்ணத்தில் கண்டது உடலிலும் அவ்வாறே நிகழும் என்பதில்லை. 9,000-க்கு மேற்பட்டோருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் ஈ மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்து நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றின் முடிவு 2000-ல் வெளிவந்தது. பங்குகொண்டோரில் பலர் நீரிழிவு உடையோர். இதய நோயையோ பக்கவாதத்தையோ அம்மாத்திரை தடுக்கவில்லை.

சர்க்கரையையே கட்டுக்குள் வைப்பதன் பயன் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. வட அமெரிக்காவில் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் 1993 வரை நடந்த ஆய்வில், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் பெரிதும் குறைந்தன. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாயிற்று. எனினும், தொடக்கத்தில் நன்கு கட்டுப்படுத்தியவர்க்கு அந்நன்மை பல ஆண்டுகள் நீடித்தது. தொடக்க காலக் கட்டுப்பாடும் அலட்சியமும் உடலில் நெடுநாள் தடம் பதிக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிற்கு இது ஏன் அவசரமானது?

புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1993-ல் புனே கே.இ.எம். மருத்துவமனையினர் கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை சுமார் 3.5 கிலோ. எடையும் தசையும் குறைந்திருந்தும், தோலடிக் கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்திலும் கொழுப்பு மிக்க இவ்வுடலமைப்பு, இந்தியர் பருமனின்றியே, இளவயதிலேயே நீரிழிவுக்கு ஆளாவதன் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இளவயதில் நோய் தொடங்கினால், செப்பனிடும் அணுக்கள் மிகைச் சர்க்கரையில் உழலும் ஆண்டுகளும் மிகும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

களப்பணியில் செய்யத்தக்கவை

1. மெலிந்தவர்க்கு நீரிழிவு வராது என்னும் எண்ணத்தை அகற்றி, அவர்களையும் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

2. நோயாளி நாள்தோறும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கப் பழக்க வேண்டும். பார்வை குன்றியவர்க்கு வீட்டார் உதவலாம். வலியில்லாத புண்ணே அஞ்சத்தக்கது என்பதை அழுத்திக் கூறுக.

3. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதிக்கலாம். உணர்வு குன்றியவர் வயலிலும் வெயிலில் சுட்ட கல்தளத்திலும் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. சுடுநீரில் பாதத்தை ஊறவைப்பதும் ஆகாது.

4. நடைப்பயிற்சி முன்னோடி அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. புகைபிடித்தல் அதைக் குறைக்கிறது. ஆனால் பாதத்தில் புண் உள்ளவர் அக்கால்மீது பளு ஏற்றாது இருத்தல் வேண்டும்.

5. நலமாக உணர்வதனால் மருந்தை நிறுத்தலாகாது. எச்பி-ஏ1சி அளவு பெரும்பாலான பெரியவர்க்கு 7 சதவீதத்திற்குக் கீழ் இருப்பது நன்று; ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கை மருத்துவர் வரையறுப்பார்.

வகுப்பிற்குரிய வினாக்கள்

1. மன்னிட்டால் சேர்த்த கிண்ணம் இல்லையெனில் சோதனையின் முடிவில் எழக்கூடிய ஐயம் யாது?

2. முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்தவரின் நிலையை எச்பி-ஏ1சி சோதனை எவ்வாறு வெளிப்படுத்தும்?

3. சூப்பராக்சைடை முறிக்கும் பொருள் கிண்ணத்தில் பயன்பட்டும், வைட்டமின் மாத்திரையை ஏன் மருந்தாகக் கொள்ளலாகாது?